பட்டறைக்கும் பல அறைகளுக்கும் ஒரே ஸ்டீரியோ: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வீட்டுப் பட்டறைக்கும் மற்ற அறைகளுக்கும் வயர் இழுத்த அமைப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு ஆம்புக்குள் இருப்பதில்லை. வயரிலோ, இணைப்பிலோ, ஆம்பின் மேல் ஏற்றிய சுமையிலோ இருக்கும். ஆம்பைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்தால் அங்கே அது ஒழுங்காகப் பாடும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி நின்றுவிடும். முதலில் சுமையை அளப்பது, பிறகுதான் ஆம்பைச் சந்தேகிப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கையில் வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, நன்றாக வேலை செய்வது தெரிந்த ஒரு ஸ்பீக்கர், அதோடு இரண்டு மீட்டர் வயர், பேப்பர் டேப், பேனா. ஸ்பீக்கர் வயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும், பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பில் ஒரு செப்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் அவுட்புட் டிரான்ஸிஸ்டரே போய்விடும்.

எதைத் தேடினாலும் முதலில் இந்த அளவுகள்

ஆம்பின் பின்பக்கம் எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றி, ஒவ்வொரு ஜோடியிலும் பேப்பர் டேப் ஒட்டி அறையின் பெயரையும் இடது, வலது என்பதையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் ஓம் (மின்தடை) பாருங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவை (பெரும்பாலும் 0.2 முதல் 0.5 ஓம்) கழித்துக்கொள்ள வேண்டும்.

8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 5.5 முதல் 7 ஓம்தான் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. இது பழுதல்ல, மீட்டர் காட்டுவது டிசி மின்தடை, பெட்டியில் எழுதியிருப்பது ஏசி இம்பீடன்ஸ் (பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு). இந்த அளவோடு வயரின் மின்தடையும் சேர்ந்து வரும். ஒன்றும் காட்டாமல் திறந்த சுற்று என்று வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு ஓமுக்குக் கீழே வந்தால் ஷார்ட் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நடுவில் சுவர் வால்யூம் கண்ட்ரோல் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகைக் கண்ட்ரோலின் சுருள் டிசிக்கு வெறும் செப்புக் கம்பி மாதிரிதான், அதன் மின்தடை மிகக் குறைவு. அந்தக் கண்ட்ரோலைக் கழற்றி, உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேரடியாக இணைத்துவிட்டு மறுபடி அளங்கள். நல்ல வயரை ஷார்ட் என்று நம்பி சுவரை உடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

வந்த அளவுகளை ஆம்பின் அடியில் ஒட்டிவையுங்கள். பிறகு எப்போது கோளாறு வந்தாலும் எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

எந்த அறையிலும் சத்தமே இல்லை

விளக்கு எரிகிறதா, மியூட் போட்டிருக்கிறதா, இன்புட் சரியானதில் இருக்கிறதா, ஸ்பீக்கர் ஏ, பி பட்டன் ஏதாவது ஒன்றாவது அழுந்தியிருக்கிறதா. பழைய ரிசீவராக இருந்தால் டேப் மானிட்டர் பட்டனையும் பாருங்கள். அது உள்ளே போயிருந்தால் மற்ற எந்த இன்புட்டும் கேட்காது. ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதில் கேட்டுப் பாருங்கள். அங்கே பாட்டு வந்தால் சோர்ஸும் (பாட்டைத் தரும் கருவி) ஆம்பின் முன்பகுதியும் சரி, தேட வேண்டியது ஸ்பீக்கர் பக்கம்.

ஒரு அறை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் ஊமை

இடம் மாற்றிப் பார்ப்பதே இதற்கு வழி. ஆம்பை அணைத்து, அந்த அறையின் இடது, வலது வயர்களை ஆம்பின் பின்பக்கம் மாற்றி மாட்டுங்கள். ஊமையாக இருந்த அதே ஸ்பீக்கர் இன்னும் ஊமை என்றால் வயரிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு. ஊமை மறுபக்கம் போய்விட்டால் ஆம்ப் அல்லது சோர்ஸ். பிந்தையதாக இருந்தால் இன்புட்டில் இருக்கும் இரண்டு ஆர்சிஏ பிளக்குகளை (நடுவில் ஒரு முள்ளும் வெளியே ஒரு வளையமும் உள்ள ஆடியோ பிளக்) மாற்றி மாட்டிப் பாருங்கள். அதோடு ஊமையும் இடம் மாறினால் குற்றவாளி சோர்ஸ் அல்லது அந்த ஆர்சிஏ கேபிள்.

வயரா ஸ்பீக்கரா என்பதற்குப் பேட்டரி போதும். ஆம்ப் பக்கம் கழற்றிய ஜோடியில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள் (கண்ட்ரோல் இருந்தால் அதைத் தாண்டிய பின்). ஸ்பீக்கரில் "டப்" என்று கேட்டால் வயர் முழுசாக இருக்கிறது, வூஃபர் (பேஸ் தரும் பெரிய கோன்) சுருளும் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் ஸ்பீக்கரின் டெர்மினலிலேயே நேராகத் தொட்டுப் பாருங்கள்.

விட்டுவிட்டுச் சத்தம் வந்து போனால் அது பெரும்பாலும் ஸ்க்ரூவின் அடியில்தான். பட்டறையில் இயந்திர அதிர்வு சும்மா இருக்க விடாது. பல இழை வயரைச் சும்மா முறுக்கி ஸ்க்ரூவின் கீழே வைத்தால் நாளடைவில் இழைகள் நசுங்கிப் பிடி தளரும். ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாயை முனையில் மாட்டி, கிரிம்ப் செய்து (நசுக்கி) இறுக்குங்கள். ஈயம் வைத்த (சோல்டர் செய்த) முனையை ஸ்க்ரூவின் கீழே வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்து மறுபடி தளரும்.

ஆம்ப் தானாக நின்றுவிடுகிறது, பாதுகாப்பு விளக்கு எரிகிறது

எப்போது நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

சுவிட்ச் போட்ட உடனே நின்றால் எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். அப்போதும் நின்றால் கோளாறு ஆம்புக்குள். நிற்காவிட்டால், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்து, ஒவ்வொரு அறையாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்த அறை சேர்ந்ததும் நிற்கிறதோ அதன் வயரில் ஷார்ட். ஆணி அடித்த இடம், ஜங்ஷன் பாக்ஸ், ஸ்பீக்கர் டெர்மினலில் துருத்திய இழை என்ற வரிசையில் தேடுங்கள்.

ஒரு மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு நின்றால் சூடு. ஆம்ப் பட்டறைக்குள் இருந்தால் ஹீட்சிங்க்கிலும் காற்றுத் துளைகளிலும் மரத்தூள் படிந்திருக்கும். தூரிகையாலும் வேக்குவம் கிளீனராலும் எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக அடித்தால் தூள் இன்னும் உள்ளே போய் அடையும். ஆம்பைப் பட்டறைக்கு வெளியே வீட்டுக்குள் வைத்து, பட்டறையில் ஸ்பீக்கரும் வால்யூம் கண்ட்ரோலும் மட்டும் இருப்பதே நல்ல ஏற்பாடு.

சத்தம் கூட்டும்போதோ, டிரம் ஓங்கி விழும்போதோ நின்றால் சுமை அதிகம். பல அறை அமைப்புகளின் தலையாய கோளாறு இதுதான். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சேனலில் (இடது அல்லது வலது) இணையாக மாட்டினால் 4 ஓம், மூன்று மாட்டினால் 2.67, நான்கு மாட்டினால் 2 ஓம். 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப் அப்போது வெளியே விடுவது 20 வோல்ட். அந்த 20 வோல்ட் 8 ஓமில் 2.5 ஆம்பியரை இழுக்கும், 2 ஓமில் 10 ஆம்பியரை இழுக்கும். ஆம்ப் நிற்பது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். பின்பக்கம் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமைப் படியுங்கள். பல ஆம்ப்களில் ஏ அல்லது பி தனியாக என்றால் 4 ஓம், ஏ+பி என்றால் ஒவ்வொன்றும் 8 ஓம் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டாவது வரியை யாரும் பார்ப்பதில்லை.

தீர்வு மூன்று. முதலாவது, அறைக்கு அறை இம்பீடன்ஸ் பொருத்தும் வால்யூம் கண்ட்ரோல். அதன் பின்னால் 1, 2, 4, 8 மடங்கு என்று ஜம்பர் (ஆம்புக்குத் தெரியும் ஓமை எத்தனை மடங்காக்குவது என்று தேர்ந்தெடுக்கும் சின்ன இணைப்பு) இருக்கும். 8 ஓம் ஆம்ப், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மொத்த ஜோடிகளின் எண்ணிக்கைக்குச் சமமான, அல்லது அடுத்துப் பெரிய மடங்கை வையுங்கள்: இரண்டு ஜோடிக்கு 2, மூன்று அல்லது நான்குக்கு 4, ஐந்திலிருந்து எட்டு வரை 8. 4 ஓம் ஸ்பீக்கர் ஜோடியை இரண்டாக எண்ணுங்கள். எல்லாக் கண்ட்ரோலிலும் ஒரே மடங்கு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 1 மடங்கில் தங்கியிருந்தால் அந்த அறையின் குமிழைத் திருகும்போது மட்டும் ஆம்ப் விழும். வேறு எங்கும் காரணம் கிடைக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு அறைக்கும் தனிச் சேனல் உள்ள மல்டிசேனல் ஆம்ப். செலவு கூடுதல், ஆனால் கணக்குப் போட வேண்டிய தலைவலி இல்லை. புதிதாக வயர் இழுப்பவர்கள் எல்லா அறையின் வயரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்த வழி எப்போதும் திறந்திருக்கும்.

மூன்றாவது, செலக்டர் பெட்டியில் (எந்தெந்த அறைக்குப் பாட்டு போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி) இருக்கும் பாதுகாப்பு ரெசிஸ்டர். ஆம்ப் பிழைக்கும், ஆனால் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும், பேஸும் தொளதொளத்துப் போகும். மடங்கு வைத்த கண்ட்ரோலோடு சேர்த்து இந்த ரெசிஸ்டரையும் போட்டால் சத்தம் இரண்டு முறை குறையும். இரண்டில் ஒன்று போதும்.

புது சின்ன ஆம்ப் மாட்டியதும் எல்லாம் குழம்புகிறது

பழைய ஆம்பில் பல வருடம் பாடிய அதே வயரிங்கில் ஒரு சின்ன கிளாஸ்-டி ஆம்பை (வேகமாக ஸ்விட்ச் ஆகி வேலை செய்யும் வகை) மாட்டியதும் ஒன்றும் கேட்காது, அல்லது பாதுகாப்பில் விழும், சில போர்டுகள் புகைந்தே போகும். காரணம் பொது நெகட்டிவ்.

பழைய ஆம்ப்களில் இடது, வலது இரண்டின் மைனஸும் உள்ளே ஒரே தரையில் (கிரவுண்டில்) சேர்ந்திருக்கும். அதை நம்பி சில வீடுகளில் மூன்று கம்பியிலேயே இரண்டு ஸ்பீக்கரை முடித்திருப்பார்கள்: இரண்டு பிளஸ், ஒரு பொது மைனஸ். சில செலக்டர் பெட்டிகளும் உள்ளே மைனஸ்களைச் சேர்த்துவைத்திருக்கும். டிபிஏ3116 என்ற கிளாஸ்-டி சிப் வைத்த போர்டுகள் போன்றவற்றில் மைனஸ் முனையும் ஒரு உயிருள்ள அவுட்புட். பிரிட்ஜ் முறையில் இரண்டு முனைகளும் எதிரெதிராகத் தள்ளுகின்றன. அந்த இரண்டு மைனஸ்களைச் சேர்ப்பது இரண்டு ஆம்ப்களின் வாயையும் ஒன்றாகக் கட்டுவதற்குச் சமம்.

சோதனை எளிது. ஆம்பை அணைத்து, ஸ்பீக்கரைக் கழற்றி, இடது மைனஸுக்கும் வலது மைனஸுக்கும் நடுவே ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் பொதுத் தரை ஆம்ப். அதிகம் காட்டினால் பிரிட்ஜாக இருக்கலாம். உறுதி செய்ய, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் ஸ்பீக்கர் மைனஸுக்கும் நடுவே டிசி வோல்ட் அளங்கள். 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் பிரிட்ஜ் ஆம்பில் அங்கே ஏறத்தாழ 12 வோல்ட் நிற்கும். அப்படி இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி இரண்டு கம்பி, மைனஸ்களைத் தனித்தனியாக மாற்றும் செலக்டர். வேறு வழி இல்லை. இந்த வகை ஆம்பின் ஸ்பீக்கர் மைனஸை எர்த்திலோ பெட்டியின் உலோகத்திலோ தொட விடவும் கூடாது.

இதே குடும்பத்துப் பிழை இன்னொன்று. பட்டறையில் ஒரே ஸ்பீக்கர்தான் மாட்ட முடிகிறது, இரண்டு சேனலும் அதில் கேட்க வேண்டும் என்று இடது, வலது ஸ்பீக்கர் அவுட்புட்களை ஒன்றாகச் சேர்ப்பது. எந்த ஆம்பிலும் செய்யக்கூடாது. மோனோ வேண்டுமென்றால் ஆம்புக்கு முன்னால், இடது, வலது சிக்னல் ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, அதன் பிறகு சேருங்கள். நடந்துகொண்டே வேலை செய்யும் இடத்தில் மோனோ நல்ல முடிவுதான். ஸ்டீரியோவில் பாட்டின் பாதி எப்போதும் அறையின் மறு கோடியில் கிடக்கும்.

உறுமல்

வால்யூமை முழுதும் குறையுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால் பிறக்கிறது. இன்புட் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் இருந்து, ஆம்பும் பழசு என்றால், பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள்மேல் சந்தேகப்படலாம். வால்யூமோடு சேர்ந்து உறுமலும் ஏறி இறங்கினால் இன்புட் பக்கம். ஆர்சிஏக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எது போனதும் அமைதியாகிறதோ அந்தக் கருவிக்கும் ஆம்புக்கும் இடையே எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாக இணைந்து உருவாகும் வளையம்). அது லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். கேபிள் டிவி வயர் இணைந்த பெட்டி இருந்தால் அந்த கோஆக்ஸைக் கழற்றியும் பாருங்கள். எர்த் அந்த வழியாகவும் வரும்.

தீர்வு: சோர்ஸையும் ஆம்பையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்கள். போகாவிட்டால் ஆர்சிஏ வழியில் 1:1 ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (பாட்டை விட்டு எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) வையுங்கள். ஆம்பின் எர்த் முனையை வெட்டுவதோ டேப் ஒட்டி மறைப்பதோ கூடவே கூடாது. உள்ளே ஒரு கசிவு வந்தால் அந்த ஆம்பின் பெட்டியும், ஆர்சிஏ வளையம் வழியாக அதோடு இணைந்த எல்லாக் கருவிகளும் மெயின்ஸ் மின்சாரத்தில் நிற்கும். உலோக இயந்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வால்யூமைத் தொடும் பட்டறையில் இது உயிர் போகும் விஷயம்.

ஆர்சிஏவை நீளமாக இழுத்து ஸ்பீக்கர் வயரைக் குட்டையாக வைத்திருந்தால் அதைத் தலைகீழாக்குங்கள். ஆம்ப் சோர்ஸின் பக்கத்தில் இருக்கட்டும், நீளம் ஸ்பீக்கர் வயரில் போகட்டும். குறைந்த இம்பீடன்ஸ் உள்ள ஸ்பீக்கர் வழியில் உறுமல் ஒட்டுவது மிகக் கடினம்.

இயந்திரம் ஓடும்போது மட்டும் இரைச்சல்

கிரைண்டர், டிரில், ரவுட்டர் ஓடும் நேரம் முழுக்க கரகரப்பு வந்தால் கார்பன் பிரஷ்ஷின் தீப்பொறி. பெரிய மேசை ரம்பத்தின் இண்டக்‌ஷன் மோட்டார் பொதுவாக ஸ்டார்ட், ஸ்டாப்பில் மட்டும் ஒரு "டக்" கொடுக்கும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வைத்த மோட்டார் என்றால் கீச்சென்ற ஒலி. மங்கவைக்கும் டிம்மரும் மலிவான எல்இடி டிரைவரும் ரீங்காரம் தரும். விளக்கை அணைத்தாலே தெரிந்துவிடும்.

ஸ்பீக்கர் வயரும் மெயின்ஸ் வயரும் ஒரே கண்டூட் பைப்பில் போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் பிரித்தே ஆக வேண்டும். இது இரைச்சலுக்கு முன்னால் பாதுகாப்புப் பிரச்சினை. பக்கவாட்டில் ஓடும் இடங்களில் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். இரண்டு கம்பியும் முறுக்கிய வயர் நேரான வயரைவிட மேல். ஆம்பின் பக்கத்து முனையில் ஃபெரைட் கிளாம்ப் (வயரைச் சுற்றி மாட்டும் காந்தப் பொருள் வளையம்) ஒன்றில் வயரை இரண்டு மூன்று சுற்று சுற்றினால், வானொலி அலைவரிசையில் ஏறி வரும் இரைச்சல் அடங்கும். ரம்பம் கிளம்பும்போது பாட்டே ஒரு கணம் விழுந்து எழுந்தால் அது இரைச்சல் அல்ல, வோல்டேஜ் இறக்கம். ஆம்பை வேறு சர்க்யூட்டுக்கு மாற்றுங்கள்.

தூரத்து அறையில் சத்தம் சோர்ந்து கேட்கிறது

வயரின் போகவர மின்தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை விதி. 8 ஓமுக்கு அது 0.4 ஓம். நெகிழ்வான செப்பு வயரில், ஒருவழித் தூரம் இவ்வளவு போகலாம்:

0.75 சதுர மி.மீ.: 7.5 மீட்டர்
1 சதுர மி.மீ.: 10 மீட்டர்
1.5 சதுர மி.மீ.: 15 மீட்டர்
2.5 சதுர மி.மீ.: 25 மீட்டர்
4 சதுர மி.மீ.: 40 மீட்டர்

4 ஓம் ஸ்பீக்கர் என்றால் தூரத்தைப் பாதியாக்குங்கள். இழுத்த வயர் நல்லதா என்று தெரிய, ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஆம்ப் பக்கத்தில் ஓம் பாருங்கள். 15 மீட்டர், 1.5 சதுர மி.மீ. என்றால் 0.4 சுற்றி வர வேண்டும். 0.6, 0.65 என்று வந்தால் அது செப்பு பூசிய அலுமினியமாக இருக்கக்கூடும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதேதான்.

கணக்குச் சரியாக இருந்தும் சத்தம் போதாவிட்டால் வயரைக் குறை சொல்லாதீர்கள். விதியின் எல்லையில் நிற்கும் வயர் விழுங்குவது அரை டெசிபலுக்கும் குறைவு, காதுக்கு அது தெரியாது. 4 மடங்கில் வைத்த கண்ட்ரோல் 6 டெசிபலை எடுத்துக்கொள்கிறது. சோர்வுக்கு அதுவே காரணம்.

பேஸ் காணாமல் போய், பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது, நடுவில் பேஸ் கழிந்துவிடுகிறது. ஒரே ஒரு ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளை மாற்றுங்கள். பேஸ் திரும்பினால் முடிந்தது. கூரையில் மாட்டியவற்றுக்குப் பேட்டரியின் பிளஸ்ஸை வயரின் பிளஸ்ஸில் தொட்டு, கோன் வெளியே வருகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ட்வீட்டரை (உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) இப்படிச் சோதிக்க வேண்டாம்.

குமிழைத் திருகினால் கரகரக்கிறது

சுவர் கண்ட்ரோலில் என்றால் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஆம்பை அணைத்து வைத்தபடி இருபது முப்பது முறை இரு பக்கமும் திருகுங்கள். ஆம்பின் சொந்தக் குமிழில் கிளீனர் அடித்தும் போகாவிட்டால் அதன் வழியே டிசி கசியலாம். டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடும் இணைப்புக் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். அதோடு பாட்டு இல்லாமல், வால்யூம் பூஜ்யத்தில், ஒவ்வொரு சேனலின் பிளஸ், மைனஸ் நடுவே டிசி அளங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட், அதற்கு மேல் என்றால் அந்த ஆம்பில் இனி ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

பட்டறையில் சத்தம் கூட்டினால் கிழிகிறது, ட்வீட்டர் அடிக்கடி போகிறது

ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டுகிறது. வெட்டிய அலையில் உயர் அதிர்வெண் சக்தி மிகுந்து ட்வீட்டரின் மெல்லிய சுருளைச் சுடுகிறது. ஆம்பின் வாட்டை இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் கூடும். ஸ்பீக்கரை வேலை மேசைக்குப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் நேரடி ஒலி 6 டெசிபல் கூடும், அதாவது நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். முதலில் நகர்த்துங்கள், பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ரம்பத்தின் சத்தத்தைப் பாட்டால் வெல்லப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். ரம்பம் ஏற்கெனவே அந்த எல்லைக்கு மேல் இருக்கிறது. அந்த நேரத்தில் காதில் பாதுகாப்பு உறையும், ஸ்பீக்கருக்கு அணைக்கும் சுவிட்சும்தான் வேண்டும்.

இரண்டு அறைகளுக்கு நடுவே எதிரொலி

முழுக்க வயரில் போகும் அமைப்பில் மின்சாரத்தால் தாமதம் வராது. ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கர் சுமார் 29 மில்லி நொடி பின்தங்கும். பெரிய பட்டறையின் இரு கோடிகளில் ஸ்பீக்கர் வைத்தால் அது கேட்கவே செய்யும். அதைவிடப் பெரிய தாமதம் என்றால் ஏதோ ஒரு அறை டிவி வழியாகவோ ப்ளூடூத் ரிசீவர் வழியாகவோ சிக்னல் எடுக்கிறது. அந்த அறையையும் அதே ஆம்பின் அவுட்புட்டுக்கு மாற்றுங்கள்.